கடைசிப் பதினாறு பக்கம்

உலகத்தில் புத்தகம் படிக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர் என்பது பல்செட்டுக்காரரின் முடிவு. ஒருவர் அவர். இன்னொருவர் ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வருஷத்தில் பத்து மாதம் மழை பெய்கிற ஒரு மலையூரில், தினமும் காலையில் மழையை அளந்து எழுதிவைக்கும் வேலையில் இருந்தார். மற்றவர்கள் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

இந்த மற்றவர்களில் யாருக்கும் அவர் விதிவிலக்குக் கொடுக்கவில்லை. மாடிவீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் படிக்கும்போது பென்சிலால் அடிக்கோடு போட்டு ஓரத்தில் ‘அருமை’ என்று எழுதுவார். அவர் மறுபடி எப்போதாவது அந்தப் பக்கம் வந்தால் எங்கே அசந்துபோக வேண்டும் என்று மறந்துவிடக் கூடாதல்லவா? எதிர்வீட்டுக்காரர் படுத்துக்கொண்டு படிப்பார். நான்காவது பக்கத்தில் புத்தகம் முகத்தில் விழும். அதோடு அன்றைய இலக்கியம் முடிந்தது. பல்செட்டுக்காரர் வேலை பார்த்த மருத்துவமனையின் பல் டாக்டரோ, கார் விளம்பரங்களை மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பவர்.

டாக்டர் வாயில் அளவெடுத்துத் தருவார். அதைப் பார்த்துப் பின்னறையில் உட்கார்ந்து பல்வரிசை செய்வது இவர் வேலை. அலமாரி நிறைய ஊரில் பாதிப் பேருடைய வாய்கள் வெள்ளைச் சாந்தில் வார்த்து, சீட்டு ஒட்டி, அடுக்கியிருக்கும். வாயை உள்ளிருந்து பார்த்தவனுக்கு அப்புறம் எந்தப் பெரிய மனிதன் மேலும் மரியாதை வராது என்பார். ஆனால் தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. கோர்ட்டில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், இவர் கட்டிக்கொடுத்த பல்லோடு தூங்கி, கனவில் யாரையோ கோபித்துக்கொண்டு கட்டில் காலைக் கடித்துவிட்டார். மறுநாள் அந்த வீட்டுக்குத் தச்சரைத்தான் கூப்பிட்டார்களே தவிர, பல்செட்டுக்காரரைக் கூப்பிடவில்லை.

மழைக்காரருடைய சிநேகிதம் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையின் வாசகர் கடிதத்தில் தொடங்கியது. ‘உங்கள் தொடரின் கதாநாயகி பதினேழு வாரமாக மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாள். மேலே போய்ச் சேர்வாளா, அல்லது ஆசிரியர் வாரத்துக்கு இரண்டு படியாகக் கட்டிக்கொண்டே போகிறாரா?’ என்று பல்செட்டுக்காரர் எழுதியிருந்தார். பத்திரிகை அதை முழு முகவரியோடு போட்டது. ஒன்பதாம் நாள் நனைந்த உறை ஒன்று வந்தது. ‘ஐயா, நேற்று இங்கே 64 மில்லிமீட்டர். தாங்கள் எழுதியது தவறு. பதினேழு அல்ல, பத்தொன்பது வாரம். நான் எண்ணி வைத்திருக்கிறேன்.’

தன்னைவிட ஒருபடி மேலே போய் வெறுக்கத் தெரிந்த ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்று தெரிந்த அன்று, பல்செட்டுக்காரர் மருத்துவமனையில் எல்லோரையும் பார்த்து வணக்கம் சொன்னார். டாக்டர் பயந்துபோய் ரத்த அழுத்தம் பார்த்தார்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு கடிதம் தவறியதில்லை. அந்த ஊர்க் கடிதத்தைக் கையில் வாங்கினால் பிழிய வேண்டும். மடிப்பைப் பிரித்து, சாந்துத் தாடைகளின் மேல் தாள் தாளாகக் காயப்போட்ட பிறகே படிக்க முடியும். ஒருமுறை உறைக்குள்ளிருந்து தவளையே குதித்தது என்று அவர் சொல்வார். வெறும் தலைப்பிரட்டைதான் என்பது அவர் மனைவியின் வாதம்.

மழைக்காரரின் ஊரில் புத்தகக் கடை கிடையாது. நூலகம் கிடையாது. ‘தாங்கள் படிப்பதை எனக்கும் சொல்லுங்கள்’ என்று அவர் கேட்டார். புத்தகத்தையே அனுப்பலாம்தான், ஆனால் பல்செட்டுக்காரர் படித்ததெல்லாம் வாடகைப் புத்தகம், ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு நாவலையும் பத்துப் பன்னிரண்டு தாளில், அத்தியாயம் அத்தியாயமாக, முத்து முத்தான கையெழுத்தில் சொல்லி எழுதினார். நடுநடுவே எழுத்தாளர் எங்கே சறுக்கினார் என்பதற்கான குறிப்புகளும் இருக்கும். சில கடிதங்களில் கதையைவிடக் குறிப்பு நீளம்.

மூன்றாவது நாவலில்தான் சங்கடம் வந்தது. கப்பல்காரன் ஒருவன் ஒன்பது வருஷம் கழித்து, தான் விட்டுவிட்டுப்போன பெண்ணின் தெருவுக்குள் நுழைகிறான். அடுத்த பக்கம் அட்டை. பல்செட்டுக்காரர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாடகைக் கடைக்குப் போனார்.

“கடைசிப் பதினாறு பக்கம் எங்கய்யா?”

“தையல் விட்டுப்போச்சு சார். இருக்கற வரைக்கும் படிங்களேன்.”

“முடிவு வேண்டாமா?”

“முடிவு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? போலீஸுக்குப் போயி சொல்லவா போறீங்க?” என்றார் கடைக்காரர்.

பத்துத் தாள் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. ‘முடிவு எனக்குத் தெரியாது’ என்று உலகத்தின் இன்னொரு வாசகனுக்கு எழுதுவதா? அதைவிடப் பல் பிடுங்கிக்கொள்ளலாம். உட்கார்ந்து அவரே எழுதினார். கப்பல்காரன் வாசலுக்கு வருகிறான். ஜன்னலில் வெளிச்சம். உள்ளே அவள் யாரோடோ பேசிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் தனக்கு ஒரு இடமும் மிச்சமில்லை என்று அவனுக்குப் படுகிறது. கதவைத் தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு துறைமுகத்துக்கே திரும்பிப் போகிறான்.

பதில் வந்தது. ‘நேற்று எவ்வளவு மழை என்று எனக்குத் தெரியாது. மழைமானியைப் பார்க்க மறந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுவே முதல் தடவை. அந்தக் கை இறங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.’

ஒரு வருஷம் கழித்து அந்த நாவலின் முழுப் பிரதி வேறொரு கடையில் கையில் சிக்கியது. அச்சில், கப்பல்காரன் கதவைத் தட்டிவிடுகிறான். அவளுடன் இருந்தது அவள் தம்பியாம். கல்யாணம், விருந்து, ஒரு குழந்தை, அதற்கு அவன் கப்பலின் பெயர். பல்செட்டுக்காரர் நடுக்கடையில் நின்று, “தட்டிட்டானே மடப்பயல்!” என்று கத்தினார். கூட இருந்தவர்கள் கிரிக்கெட் செய்தி என்று நினைத்துக்கொண்டு “யாரு? எவ்ளோ?” என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து எழுத்தாளர்களின் முடிவுகளை அவர் கட்டிக்காக்கவில்லை. கடைசிப் பக்கம் வரை பத்திரமாக இருக்கிற புத்தகத்துக்கும் தன் முடிவையே போட்டு அனுப்பினார். இவர்களுக்கெல்லாம் இருநூறாவது பக்கத்துக்கு மேல் பசி எடுத்துவிடுகிறது, சாப்பிடப் போகிற அவசரத்தில் யாருக்காவது தாலியைக் கட்டிவிட்டுக் கை கழுவப் போய்விடுகிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. இப்படி அறுபத்தொரு நாவல்.

கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டுவது மனைவி. அவளுக்கு எல்லாம் தெரியும்.

“என்ன, இதுக்கும் பல்லு கட்டியாச்சா?” என்பாள்.

“விழுந்த எடத்துல கட்டறதுதானே என் தொழிலு.”

“விழுந்த எடத்துல கட்டினா சரி. நல்லா இருக்கற பல்லைப் புடுங்கிப்போட்டுல்ல கட்டறீங்க.”

பன்னிரண்டாவது வருஷம் மழைக்காரர் புகைப்படம் ஒன்று கேட்டார். பல்செட்டுக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். குள்ளம், காதுகள் இரண்டும் தலையோடு சண்டைபோட்டுக்கொண்டு வெளியே நிற்கும், நெற்றி என்று தனியாக ஒன்று கிடையாது. இத்தனை நாவலை அலசிய மூளை இந்தத் தலைக்குள் இருக்கிறது என்று எவன் நம்புவான்? வேலை முடிந்ததும் சிரிக்கச் சொல்லி எடுத்து வைக்கிற வாடிக்கையாளர் படங்கள் மேஜை இழுப்பறையில் கிடந்தன. கட்டில் காலைக் கடித்தவரின் படத்தை எடுத்தார். ஆறடி, அகலமான நெற்றி, நரைத்த கிருதா. உறையில் போட்டு அனுப்பிவிட்டார்.

“அடக் கண்றாவியே, அது யாரோ முகமாச்சே!” என்றாள் மனைவி.

“முகம் அவரோடதா இருக்கலாம். சிரிப்பு என்னோடது. ராத்திரி பகலா உக்காந்து செஞ்சிருக்கேன்.”

இப்படியாக எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது.

‘நேற்று 31 மில்லிமீட்டர். தங்களுக்கு ஒரு நற்செய்தி. எங்கள் ஊருக்கு நூலகம் வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு புத்தகங்கள். பட்டியலைப் பார்த்தேன், நாம் பேசிய அத்தனை நாவல்களும் இருக்கின்றன. இந்த ஊரில் அதிகம் படித்தவன் நான் என்று சொல்லி, திறப்பு நாளன்று மூன்று நாவல்களைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று நம் கப்பல்காரன். தங்கள் படத்தை மேடையில் வைக்கப் போகிறேன். பெட்டிகளை அன்றுதான் பிரிப்பார்களாம். இனி நானே என் கண்ணால் படிக்கலாம்.’

பல்செட்டுக்காரர் அதை நான்கு தடவை காயவைத்தார். ஒவ்வொரு தடவையும் அதே வாசகம்தான் இருந்தது.

கண்ணால் படித்த மறுநாளே சிநேகிதம் முறியும். அது கிடக்கட்டும். ஊர் கூடியிருக்கிற இடத்தில், கையில் புத்தகத்தோடு எவனாவது எழுந்து, ‘அப்படி இல்லையே’ என்று கேட்டால்? ஒரு மில்லிமீட்டரைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதன், தான் படிக்காத புத்தகத்தைப் படித்ததாகப் பீற்றிக்கொண்டவன் என்று பெயரெடுப்பான். அப்புறம் அந்த ஊரில் அவர் மழை என்று சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். எத்தனையோ பேரை முட்டாள் என்று எழுதிய பல்செட்டுக்காரருக்கு, நிஜமாகவே ஒருவனை முட்டாளாக்கிவிட்டோம் என்பது அன்றுதான் உறைத்தது.

வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு அம்மாளுக்கு மேல்வரிசையைக் கீழேயும் கீழ்வரிசையை மேலேயும் செய்துவைத்தார்.

“என்னய்யா இது?” என்றார் டாக்டர். “அந்தம்மா சிரிச்சா எனக்கே அழுகை வருது.”

“வாயைத் தெறக்காம இருந்தா அழகாத்தான் இருப்பாங்க டாக்டர்.”

“நாலு நாள் லீவு போட்டுட்டு எங்கயாவது போய்த் தொலையும்.”

உண்மையை எழுதிவிடலாம் என்று ஏழு கடிதம் எழுதிக் கிழித்தார். ஏழிலும் நான்காவது வரிக்குள் எழுத்தாளர்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். அதற்குள் கூட்டத்துக்கு மூன்றே நாள் மிச்சம். கடிதம் போய்ச்சேர ஒன்பது நாள். நேரில் போய், மேடை ஏறுவதற்கு முன்னால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டியதுதான்.

“போய்ட்டு வாங்க,” என்றாள் மனைவி, பையில் சட்டையை மடித்துவைத்தபடி. “இருவத்திரண்டு வருஷமா தபால்லயே ஏமாத்திட்டீங்க. ஒரு தடவ நேர்ல போயி ஏமாத்தினாத்தான் மரியாதையா இருக்கும்.”

ஒன்றரை நாள் ரயில், அப்புறம் பஸ். அந்த ஊர் பஸ்ஸுக்குக் கூரை இருந்தது என்று மரியாதைக்காகச் சொல்லலாம். உள்ளே எல்லோரும் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். குடை கொண்டுவராதவர் இவர் ஒருவர்தான். “வெளியூரா? அப்படின்னா இறங்கி நடந்து வாங்க, இதைவிடக் கொஞ்சமா நனைவீங்க,” என்றார் கண்டக்டர். மலையில் பாதிவழியில் பஸ் நின்று, எல்லோருமாகத் தள்ளி, கடைசியில் இவர் நூலகக் கூடத்துக்குள் நுழைந்தபோது காலை பதினொன்றரை. தனியாகக் கூப்பிடுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. பேச்சு தொடங்கியிருந்தது.

புதுச் சுண்ணாம்பு வாசனை. எண்பது பேர் பெஞ்சுகளில். சுவரோரம் பாதி பிரித்த புத்தகப் பெட்டிகள். மேடை மேஜை மேல் சட்டம் போட்ட படத்தில், கட்டில் காலைக் கடித்தவர் ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒல்லியான, கழுத்து நீண்ட, சட்டையின் மேல் பட்டனையும் போட்டிருந்த ஒரு மனிதர். கழற்றினால் மழை உள்ளே போய்விடும் என்பதுபோல் இருந்தது.

“...தட்டறதுக்குத் தூக்கின கையை அப்படியே இறக்கிட்டான்,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “அவ்வளவுதான். திரும்பிப் போயிட்டான்.”

முன்பெஞ்சில் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். நனைந்து சொட்டிக்கொண்டு கடைசிப் பெஞ்சோரம் நின்ற பல்செட்டுக்காரருக்கு, வந்த வேலையே ஒரு நொடி மறந்துபோயிற்று. நன்றாகத்தானே எழுதியிருக்கிறோம் என்று நினைத்தார்.

அப்போது பள்ளிக்கூடத்து டீச்சர் எழுந்தாள். இளம்வயது, கையில் புத்தகம்.

“ஐயா, குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. பெட்டியிலேருந்து இப்பதான் எடுத்துப் பார்த்தேன். இதுல அவன் கதவைத் தட்டறானே. கல்யாணம் நடக்குது, குழந்தைகூடப் பொறக்குதே.”

“எதுல?”

“நீங்க சொல்ற அதே புத்தகம்தான்யா.”

மழைக்காரர் அதை வாங்கி, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் கடைசித் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏம்மா, ஒன்பது வருஷம் கடல்ல கெடந்தவன், போன உடனே பந்தியிலயா உக்காருவான்? இது அச்சடிச்சவன் பண்ணின வேலை.”

“அச்சடிக்கறவருக்கு என்னங்கய்யா வந்துது?”

“மழைசார்!” என்று நடுப்பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “அப்ப நீங்க எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?”

“நான்... என்னோட நண்பர் படிச்சார். எனக்கு எழுதினார்.”

“அட! அப்ப நீங்க படிக்கவேயில்லையா?”

சிரிப்பு கிளம்பியது. டீச்சர் இன்னொரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். “நீங்க முதல்ல சொன்னீங்களே, மூணு அக்கா தங்கச்சி கதை. இதுலயும் பெரியக்கா வீட்டை விக்கலைங்களே.”

“வானிலை அறிக்கை மாதிரியே சொல்லிட்டீங்களே சார்!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கூடம் குலுங்கியது.

வானிலையை முன்கூட்டிச் சொல்பவர்கள் வேறு, விழுந்த மழையை அளப்பவர்கள் வேறு. முப்பது வருஷமாக அந்த வித்தியாசத்தை ஊருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த மனிதர் அவர். இப்போது அந்தப் புத்தகத்தின் கடைசித் தாளை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

பல்செட்டுக்காரர் முன்னே வந்துவிட்டார்.

“டீச்சரம்மா சொல்றது சரி,” என்றார். “ஆனா தப்பு அவர் மேல இல்லை. முடிவையெல்லாம் மாத்தி எழுதினது நான்.”

“நீங்க யாருங்க?” என்றார் மழைக்காரர்.

“நான்தான் உங்க சிநேகிதன். கடுதாசி எழுதறவன்.”

எண்பது ஜோடிக் கண்களும் படத்தைப் பார்த்தன, இவரைப் பார்த்தன, மறுபடி படத்தைப் பார்த்தன. மூக்கை உறிஞ்சிய அம்மாள்தான் முதலில் சிரித்தது. மழைக்காரர் மேடையிலிருந்து இறங்கி, மானியில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பதுபோலக் குனிந்து இவர் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்தார்.

“ஐயா, படம் பக்கத்துலயே இருக்கு. ரெண்டு பேருக்கும் காது ரெண்டுங்கறதைத் தவிர வேற எந்த ஒத்துமையும் தெரியலையே. அதுவும் அவருக்குத் தலையோட ஒட்டியிருக்கு.”

“படம் வேற ஆளுது. நம்பலைன்னா பேப்பர் குடுங்க, எழுதிக் காட்டறேன்.”

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. டீச்சர் தாளும் பேனாவும் கொடுத்தாள். மழைக்காரர் சட்டைப்பையிலிருந்து கடிதம் ஒன்றை எடுத்து, ஒத்துப் பார்ப்பதற்காக மேஜை மேல் விரித்தார். பல்செட்டுக்காரர் பேனாவைத் திறந்தார்.

இரண்டே இரண்டு வரி எழுதினால் போதும். பல்செட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மழைக்காரர் அந்தப் புத்தகத்தை மூடி மேஜை மேல் வைத்துவிட்டிருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டோரம் சிரிப்போடு, தன் நண்பன் மேல் துளிச் சந்தேகமும் இல்லாமல் நின்றார். ஊரும் டீச்சரை மறந்துவிட்டு, இந்தக் கோமாளியை மழைசார் எப்படி மடக்கப் போகிறார் என்று அவர் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நிரூபித்தால் என்ன ஆகும்? பொய்யன் இன்று மாலை பஸ் ஏறிப் போய்விடுவான். அறுபத்தொரு புத்தகத்தையும் தோற்றுவிட்டு, இந்த எண்பது பேர் நடுவே இங்கேயே கிடக்கப் போகிறவர் மழைக்காரர்.

வாழ்நாளில் யாருக்காகவும் தன் புத்திசாலித்தனத்தில் ஒரு பிடிகூட விட்டுக்கொடுத்திராத பல்செட்டுக்காரர், பேனாவை இடது கைக்கு மாற்றினார்.

கோழி கிளறியதுபோல் இரண்டு வரி. டீச்சர் இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு பல்லி கூரையிலிருந்து விழுந்துவிட்டது.

மழைக்காரர் மைக்குக்குத் திரும்பினார். அவர் குரல் இப்போது கம்பீரமாக இருந்தது.

“படிக்காதவங்களை மன்னிச்சிடலாம். படிச்ச மாதிரி வேஷம் போட்டுட்டு வர்றவங்களைக் கழுவி, காயவெச்சு, பரண்மேல போடணும். இது நான் சொன்னதில்லை. என் நண்பர் எழுதினது.”

அது பல்செட்டுக்காரர் நான்காவது வருஷம் ஒரு விமர்சகரைப் பற்றி எழுதிய வாக்கியம். சொந்தச் சரக்கு என்பதால் குறை சொல்ல வழியில்லை. கைதட்டல் வேறு பலமாக விழுந்தது; அதில் கொஞ்சம் அவருக்கும் பெருமைதான்.

“அப்ப இந்தப் புத்தகம்லாம்?” என்றாள் டீச்சர், விடாமல்.

“மட்டமான பதிப்பும்மா. சரியான முடிவு என்கிட்ட இருக்கு. நானே எடுத்து எழுதித் தர்றேன்.”

“அப்படித்தான் இருக்கும்,” என்றார் ‘வானிலை அறிக்கை’ என்று கத்தியவனுக்குப் பக்கத்தில் இருந்தவர். ஊர் தலையாட்டியது.

கூட்டம் கலைந்ததும் பல்செட்டுக்காரர் வாசல் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார். தலைக்கு மேல் ஒரு குடை விரிந்தது.

“எங்க போகணும்?” என்றார் மழைக்காரர்.

“பஸ் ஸ்டாண்டுக்கு.”

“வாங்க. இந்த மழையில தனியாப் போனா கரைஞ்சிடுவீங்க.”

ஒரே குடைக்குள் இருவரும் நடந்தார்கள். நெட்டையான மனிதர் குள்ளமானவருக்காகக் குடையைத் தாழ்த்திப் பிடித்ததில் அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்தது.

“கோவிச்சுக்காதீங்க,” என்றார் மழைக்காரர். “நாலு பேர் முன்னால கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். ஆனா ஒண்ணு, அவரு மட்டும் இன்னிக்கு வந்திருந்தா உங்களை நார்நாராக் கிழிச்சிருப்பாரு.”

“அவ்வளவு மோசமான ஆளா?”

“மோசம்னா சாதாரண மோசம் இல்லை. யாரையும் மதிக்க மாட்டாரு. இவ்வளவு வருஷத்துல ஒரு எழுத்தாளரைப் பத்தியாவது ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே. பக்கத்துவீட்டுக்காரன், டாக்டர், ஊர், உலகம் எல்லாரும் அவருக்கு மடையனுங்க.”

“அப்படிப்பட்டவன்கிட்ட எதுக்கு உங்களுக்குச் சிநேகிதம்?”

“எனக்கு மட்டும் எழுதறாரே! பன்னெண்டு தாளு, ரெண்டு பக்கமும். மடையனுங்களை ஒதுக்கினது போக மிச்சம் நான் ஒருத்தன்தான்னு நினைச்சா சும்மாவா?”

கொஞ்சதூரம் தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பல்செட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அவரு எழுதறதெல்லாம் நெசம்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் மானிக்குள்ள விழுந்தது எவ்வளவுன்னுதான் என்னால சொல்ல முடியும்,” என்றார் மழைக்காரர். “மேகம் மொத்தமா எவ்வளவு வெச்சிருந்துதுன்னு கேட்டா நான் எங்க போவேன்? பாத்து, பள்ளம்.”

பஸ் வந்தது. பல்செட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். குடையை மடக்கி ஜன்னல் வழியாக அவர் கையில் திணித்துவிட்டு, மழைக்காரர் நனைந்துகொண்டே போனார்.

இருபது நாள் கழித்துக் கடிதம் வந்தது. இவர் அதைத் தாடைகளின் மேல் காயப்போட்டு, காயும்வரை பொறுக்காமல் குனிந்து குனிந்து படித்தார்.

‘நேற்று 88 மில்லிமீட்டர். தங்கள் முடிவுகளைத் தங்கள் கடிதங்களிலிருந்தே துண்டுத் தாள்களில் எடுத்தெழுதி, நூலகப் புத்தகங்களின் கடைசியில் ஒட்டி வருகிறேன். பதினான்கு முடிந்தது. டீச்சரம்மா முதலில் முறைத்தார். இப்போது பசை அவர்தான் கொண்டுவருகிறார். கூட்டத்தன்று ஒரு விசித்திரமான மனிதர் வந்து, தாமே தாங்கள் என்று சாதித்தார். யாராயிருக்கும் என்று தங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? பாவம், என் குடையை வாங்கிக்கொண்டு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டார்.’

பல்செட்டுக்காரர் பேனாவை எடுத்து வலது கையில் பிடித்தார். அந்த மனிதரைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார். நடை, உடை, துணிச்சல், காது, இடதுகைக் கிறுக்கல், எதையும் விடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எந்த எழுத்தாளரையும் அவர் இவ்வளவு தரக்குறைவாகத் திட்டியதில்லை. ‘தாங்கள் அவனுக்குக் குடை கொடுத்தது பெருந்தவறு’ என்று எழுதிவிட்டு, யாராயிருக்கும் என்ற கேள்விக்கு வந்து சற்றே யோசித்தார். ‘எவனாவது பல்செட் செய்கிறவனாக இருப்பான். அந்தத் தொழிலில் படித்தவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை’ என்று முடித்து, கையெழுத்துப் போட்டார்.

தபால்தலை ஒட்ட வந்த மனைவி தோளுக்கு மேலாகக் கடைசித் தாளைப் படித்தாள்.

“முதல் தடவையா ஒரு ஆளைச் சரியா எடை போட்டிருக்கீங்க,” என்றாள். “அந்த நாலாம் பக்கத்துல இன்னும் ரெண்டு வரி எடம் இருக்கே, எதுக்கு வீணாக்கறீங்க?”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்த இரண்டு வரியில், மிகுந்த வேண்டாவெறுப்போடு, குடைக்கு அவன் சார்பில் நன்றி சொன்னார்.